வேண்டாம் என்றவர்களின் கோப்பு

ஆஸ்பத்திரிப் படிவத்தில் என் குடும்பத்தில் இறந்துபோன ஒன்பது பேருக்கும் 'இறப்பின் காரணம்' என்ற இடத்தில் 'முதுமை' என்று எழுதிக் கொடுத்தவன் நான். ஒரே சொல்லை ஒன்பது தடவை எழுதினேன். கை வலிக்காத வேலை. பரம்பரை நோய்ப் பிரிவின் தாதி மேலிருந்து கீழாக விரலை நகர்த்திக்கொண்டு வந்து என் சித்தப்பாவின் வரியில் நிறுத்தினார். வயது முப்பத்தெட்டு. இன்னும் இரண்டு வரி இறங்கி அத்தையில் நிறுத்தினார். வயது பத்தொன்பது.

"உங்கள் குடும்பத்தில் முதுமை கொஞ்சம் முந்தியே வந்துவிடும் போலிருக்கிறது" என்றார்.

டேனிஷ்காரர்கள் பகிடி விடும்போதும் முகத்தை மாற்றுவதில்லை. முப்பது வருடத்துக்கு மேல் இந்த நாட்டில் இருந்தும் எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. புதிய படிவம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

'தெரியாது' என்று எழுதியிருக்கலாம்தான். ஆனால் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் போய், எனக்கு என் சொந்த அத்தை எதனால் இறந்தார் என்று தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பொய் எழுத வெட்கமாக இருக்கவில்லை.

நான் நூலகங்களுக்குப் புத்தகம் ஏற்றி இறக்கும் வான் ஓட்டுகிறேன். ஒரு நாள் இஷொய் நூலகத்தின் பின்வாசலில் புத்தகப் பெட்டி ஒன்றைத் தூக்கியபடியே மயங்கி விழுந்தேன். பெட்டி என் மேல் விழுந்தது. வாழ்நாள் முழுக்க வாசித்தவனுக்கு அது பொருத்தமான முடிவாக இருந்திருக்கும். முடிவாகவில்லை. ஆஸ்பத்திரியில் நெஞ்சை ஸ்கேன் பண்ணிவிட்டு, இதயத்தின் சுவர் தடித்திருக்கிறது என்றார்கள். நீண்டகால இரத்த அழுத்தத்தால் தடித்திருக்கலாம், பரம்பரையாகவும் வந்திருக்கலாம். எது என்று சொல்ல என் குடும்பக் கதை வேண்டும். குடும்பத்தில் யாராவது திடீரென்று விழுந்து இறந்திருந்தால் என் தோளெலும்புக்குக் கீழே ஒரு சின்னக் கருவி வைக்க நேரலாம் என்றார் வைத்தியர். பிறகு, "பிள்ளைகள் இருக்கிறார்களா?" என்று கேட்டார்.

ஒரு மகள். இருபத்துநான்கு வயது. ஓர்ஹூஸில் படிக்கிறாள். ஓடுகிறாள். ஏதோ ரயிலைப் பிடிப்பதற்கு ஓடுவது போலல்ல, விருப்பத்தோடு, இருபத்தொரு கிலோமீற்றர், மழையிலும். முடிந்ததும் சேறு அப்பிய சப்பாத்தைப் படம் பிடித்து எனக்கு அனுப்புவாள். நான் பதிலுக்கு ஒரு பெருவிரல் சின்னத்தை அனுப்புவேன். அவளுடைய தாய் என்னை விட்டுப் பிரிந்துபோய் ஒன்பது வருடம். அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் இடையில் ஓடிக்கொண்டிருப்பவை பெரும்பாலும் இந்தச் சப்பாத்தும் இந்தப் பெருவிரலும்தான்.

அவளுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. முதலில் படிவத்தை நிரப்புவோம், பிறகு சொல்லுவோம் என்று இருந்தேன்.

கனடாவில் இருக்கும் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். எங்கள் குடும்பத்தில் உயிரோடு இருக்கும் ஒரே ஆவணக் காப்பகம் அவர்தான்.

"அக்கா, சித்தப்பா எதாலை செத்தவர்?"

"காய்ச்சல்."

"என்ன காய்ச்சல்?"

"காய்ச்சலெண்டாக் காய்ச்சல்தான். உனக்கேன் இப்ப சித்தப்பா?"

"ஆஸ்பத்திரியிலை கேக்கினம்."

"அவைக்கு ஏன் எங்கடை சித்தப்பா?"

"சரி, அத்தை?"

"எந்த அத்தை?"

"படத்திலை ரெட்டைப் பின்னலோடை நிப்பாவே, அவ."

கனடாவில் குளிர்சாதனப்பெட்டி இரைவது கேட்டது.

"அவ சின்னனிலையே போயிட்டா. மலேரியா."

"அப்பாவின்ரை அப்பா?"

"அவர் வயசாளி."

"அம்பத்திரண்டு, அக்கா. எனக்கு அம்பத்துநாலு."

"அந்தக் காலத்திலை அது வயசுதான். இஞ்சை பார், பெட்டைக்குக் கலியாணம் பேசுற வயசு. நெஞ்சு வருத்தம் கிஞ்சு வருத்தமெண்டு கண்ட கண்ட ஃபோமிலை எழுதி வையாதை."

"ஃபோமை டொக்டர் மட்டும்தான் பாப்பார்."

"டொக்டருக்குத் தமிழ் ஆக்களைத் தெரியாதெண்டு உனக்கு ஆர் சொன்னது?"

அக்காவைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஆட்களிடையே நோய் என்பது உடம்பில் வருவதல்ல, சம்பந்தத்தில் வருவது. வீட்டில் ஒருவருக்கு வலிப்பு என்று வெளியே தெரிந்தால் மூன்று தலைமுறைக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். அதனால் எல்லோரும் காய்ச்சலில் இறந்தார்கள். காய்ச்சல் யாருக்கும் வரலாம், பேரப்பிள்ளைகளுக்கு இறங்காது.

இந்த இடத்தில் என்னுடைய ஸ்கொட்லாந்துக்காரனைச் சொல்ல வேண்டும். நூலகக் களஞ்சியத்தில் நான் கொண்டுவரும் பெட்டிகளைப் பிரித்து அடுக்குபவன். என் வயது. டேனிஷ் பெண்ணைக் கட்டி வந்து, பிரிந்து, ஊருக்குத் திரும்பிப் போகச் சோம்பல்பட்டு இங்கேயே தங்கிவிட்டவன். பன்னிரண்டு வருடமாக நாங்கள் இருவரும் ஒரே மேசையில் மதியம் சாப்பிடுகிறோம். அவன் கறுத்த பாணும் மீனும், நான் நேற்றைய சோறும். இரண்டு பேரும் மூன்றாவது நாட்டு மொழியில் பிழைபிழையாகக் கதைத்துக்கொள்வோம். என்னை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி நச்சரித்தவனும் அவன்தான், ஏனென்றால் அவனுக்கும் அதே தடித்த சுவர்.

அவன் தன் குடும்பத்தைத் தேடிப் பிடித்த கதை எனக்கு மனப்பாடம். அவனுடைய தாத்தாவின் சகோதரர்கள் ஐந்து பேர் ஒரே பண்ணையிலிருந்து கப்பலேறினார்கள். இரண்டு பேர் கனடா, இரண்டு பேர் நியூசிலாந்து, ஒருவர் இலங்கை மலைநாட்டில் தோட்டத்துரை. அந்த இலங்கைக்காரரின் கல்லறைப் படத்தைக் காட்டி, "உன் ஊருக்குப் பக்கமா?" என்று கேட்டான். என் ஊர் இலங்கையின் வட முனை. கோப்பன்ஹேகனில் இருப்பவனிடம் நோர்வேயைக் காட்டிப் பக்கத்து வீடா என்று கேட்ட மாதிரி. ஐவரில் நான்கு பேர் ஐம்பது தாண்டவில்லை. ஏணியில் ஒருவர், குதிரையில் ஒருவர், தேவாலயப் படிக்கட்டில் ஒருவர். எல்லாம் எங்கேயோ ஒரு பதிவேட்டில் இருந்தது. கடல் தாண்டிச் சிதறிய பேரப்பிள்ளைகளுக்கு அவன் கடிதம் போட்டான். பாதிப் பேர் பதில் போட்டார்கள். நியூசிலாந்தில் ஒருத்திக்கு உரிய நேரத்தில் கருவி வைக்கப்பட்டது. அவள் இப்போது ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் அவனுக்கு ஒரு சோடி கம்பளிக் காலுறை அனுப்புகிறாள்.

எனக்குப் பொறாமை. காலுறையில் அல்ல, பதிவேட்டில்.

"உன் ஆட்கள் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார்கள். என் ஆட்கள் எல்லாவற்றையும் மறைத்து வைத்திருக்கிறார்கள்" என்றேன்.

அவன் மீனில் முள் எடுத்துக்கொண்டே சொன்னான்: "என் ஆட்கள் ஒன்றும் எழுதவில்லை. கல்லறையில் எல்லோருக்கும் 'நித்திரையடைந்தார்' என்றுதான் இருக்கிறது. 'தெருவில் விழுந்து செத்தான்' என்று எழுதியவன் சம்பளத்துக்கு எழுதிய கிளாக்கர். நேசித்தவர்கள் பொய் எழுதினார்கள். உன் குடும்பத்தை நேசிக்காத யாராவது, அதைப் பற்றி விசாரித்து எழுத வேண்டிய தேவை உள்ள யாராவது, இருந்தார்களா?"

நான் சோற்றுப் பெட்டியை மூடினேன். இருந்தார்கள். ஃபிரெடெரிசியாவில்.

இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் எனக்கு அந்த ஊர்த் தமிழ் வீடொன்றில் சம்பந்தம் பேசினார்கள். அப்போது நான் கோப்பன்ஹேகனில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன். ஒரு மாமாவையும் இரவல் கோட்டையும் கூட்டிக்கொண்டு பெண் பார்க்கப் போனேன். சாதகம் ஏற்கெனவே பொருந்தியிருந்தது. வரவேற்பறையில் நான் நன்றாகக் கதைத்தேன் என்று எனக்கு ஞாபகம். அரசியல், இலக்கியம், டேனிஷ் உருளைக்கிழங்கு என்று எல்லாவற்றையும் தொட்டேன். பெண் கதவோரம் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று கிழமை சத்தமில்லை. பிறகு, "சாதகம் பொருந்தேல்லை" என்று ஒருவர் மூலம் சொல்லி அனுப்பினார்கள். பொருந்திய சாதகம் பொருந்தாமல் போனதற்கு நான் இருபத்தெட்டு வருடம் இரண்டு காரணம் வைத்திருந்தேன்: கோப்பை, மீசை. மீசையை அந்த வாரமே எடுத்துவிட்டேன்.

கலியாணத்துக்கு முன் பெண் வீட்டார் மாப்பிள்ளையின் குடும்பத்தை 'விசாரிப்பது' எங்கள் வழக்கம். விசாரிப்பது என்றால் அடி முதல் நுனி வரை. ஊரில் உள்ள நம்பிக்கையான ஒருவருக்கு எழுதுவார்கள். அவர் தெருத்தெருவாகக் கேட்டு, பதில் எழுதுவார். அந்தக் கடிதத்தை எழுதுபவருக்குப் பாசம் இருக்கக் கூடாது என்பதுதான் தகுதி.

இந்த நாட்டில் ஒரு தமிழரின் தொலைபேசி இலக்கம் கிடைக்க இரண்டு அழைப்புப் போதும். பெண்ணின் தமையன் எடுத்தார். என் பெயரைச் சொன்னேன், என் ஊரைச் சொன்னேன், இரவல் கோட்டைச் சொன்னேன்.

"ஓ, நாலாம் நம்பர்!" என்றார். "வாங்கோ தம்பி, ஞாயிற்றுக்கிழமை வாங்கோ."

ஏன் நாலாம் நம்பர் என்பது அங்கே போனதும் விளங்கியது. அவர் ஊரில் நீதிமன்றத்தில் கிளாக்கராக இருந்தவர், இங்கே தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எனக்காக எடுத்து வைத்திருந்தார்: டேனிஷ் அலுவலகங்களில் இருக்கும் இரட்டை வளையக் கோப்பு ஒன்று, தடித்தது, நிற நிற அட்டைகளால் ஏழு பிரிவாகப் பிரித்தது. தங்கைக்குப் பேசிய ஏழு மாப்பிள்ளைகள். நான் மஞ்சள். ஏழாவது பிரிவில் கலியாணக் கார்ட் ஒன்று மட்டும் இருந்தது.

"எறிய மனம் வரேல்லை, தம்பி. எவ்வளவு வேலை செய்து எடுத்த விபரம்."

"அண்ணை, மற்ற அஞ்சு பேரும் வந்து கேட்டவையோ?"

"நீங்கள்தான் முதல் ஆள். இரண்டாம் நம்பர் செத்துப் போனார்."

"எதாலை?"

"அவரின்ரை ஃபைலிலை இருந்த அதே வருத்தம்தான்" என்றார், தொழில் திருப்தியோடு.

அந்தத் தங்கை அதே தெருவில் இருக்கிறார். முதியோர் இல்லத்தில் வேலை. ஒரு தட்டு வடையோடு வந்து, வணக்கம் சொல்லிவிட்டுச் சாப்பாட்டு மேசையின் மறுமுனையில் அமர்ந்தார். தலை நரைத்திருந்தது. என்னுடையது நரைக்கவும் மீதமில்லை. நான் மஞ்சள் அட்டையைத் திருப்பினேன்.

நீல மையில் ஒரு கடிதம், ஒரு பக்கமும் கால் பக்கமும். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எழுதியது. என் தகப்பன் வழியைப் பற்றி இப்படி இருந்தது:

'பாட்டனார் ஸ்டேஷன் மாஸ்டர். பச்சைக் கொடி காட்டி ரயிலை அனுப்பிவிட்டு மேடையிலேயே விழுந்து இறந்தவர். சிறிய தகப்பன் எதிர்க்காற்றில் சைக்கிள் உழக்கி வந்து விழுந்தவர். காய்ச்சல் என்று சொல்லுகிறார்கள், அன்று காலை கடையில் நின்று சிரித்துக் கதைத்ததை நானே கண்டேன். தகப்பனின் தமக்கை ஒருத்தி ஆசிரிய கலாசாலை விளையாட்டுப் போட்டியில் ஓடி, முதலாவதாக வந்து, கயிற்றைத் தாண்டியதும் விழுந்தது. எழும்பவில்லை. இக்குடும்பத்துக்கு இதயம் பலவீனம். மற்றபடி நல்ல மனிதர்கள். பெடியன் புத்தகம் வாசிப்பான். வேறு கெட்ட பழக்கம் இல்லை.'

முதல் தடவை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அந்தக் கடைசி வரிக்கு. இரண்டாம் தடவை அத்தையின் வரியில் நின்றேன். அவர் ஓடியவர் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. இரட்டைப் பின்னலும் மலேரியாவும்தான் தந்தார்கள். அவர் எப்படி இறந்தார் என்பதை மறைப்பதற்காக அவர் முதலாவதாக வந்ததையும் சேர்த்து மறைத்துவிட்டார்கள். அப்பா தன் அக்காவைப் பற்றி ஒரு சொல் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. என் பத்து வயதில் பள்ளிக்கூட ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்ததற்காக மட்டும் எனக்கு அடித்தார். காரணம் சொல்லவில்லை. நான் சோம்பேறியாக வளர்ந்ததற்கு அதைத்தான் காரணம் சொல்லி வந்திருக்கிறேன். சரியான காரணம்தான் போலிருக்கிறது.

பிறகு என் மகளின் சப்பாத்து ஞாபகம் வந்தது. மேசையில் வடை இருந்தது. மகள் ஓடுகிறவள் என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு, கடிதத்தைத் தொலைபேசியால் படம் பிடித்தேன்.

"தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறுது" என்றார் மறுமுனையில் இருந்தவர்.

கிளம்பும்போது தமையனிடம் மட்டும் கேட்டேன். "அப்ப அண்ணை, கோப்பை கழுவினதாலை இல்லையோ?"

"கோப்பையோ? அப்ப இஞ்சை எல்லாரும் கோப்பைதானே கழுவினவை."

"மீசை?"

"என்ன மீசை?"

திரும்பும் ரயில் கடல் பாலத்தில் போய்க்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு சிறிய, கேவலமான ஆறுதல் இருந்தது. இருபத்தெட்டு வருடத்துக்குப் பிறகு தீர்ப்பு வந்துவிட்டது. அவர்கள் வேண்டாம் என்றது என்னை அல்ல, என் இதயத்தின் சுவரை. அதற்கு நான் பொறுப்பில்லை. பரம்பரை. பெட்டியில் என்னைத் தவிர ஆள் இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து மகளுக்கு எடுத்தேன். நான் தமிழில் சொல்ல, அவள் வழக்கம்போல் டேனிஷில் கேட்டாள். மயங்கி விழுந்தது, ஸ்கேன், படிவம், மஞ்சள் அட்டை எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். மஞ்சள் அட்டையில் கொஞ்சம் பகிடியும் விட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"அப்பா, எவ்வளவு காலமாக உங்களுக்குத் தெரியும்?"

"நாலு மாசம்."

"இந்த நாலு மாதத்தில் நான் இரண்டு போட்டி ஓடியிருக்கிறேன். நீங்கள் பெருவிரல் அனுப்பினீர்கள்."

அக்கா செய்ததையேதான் நானும் செய்திருந்தேன். அக்காவாவது சம்பந்தத்துக்காக மறைத்தார். நான் ஒரு படிவம் முடியட்டும் என்று மறைத்தேன். அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

தாதிக்குக் கடிதத்தின் படத்தையும் என் மொழிபெயர்ப்பையும் கொடுத்தேன். இரண்டு தடவை வாசித்தார். "இவ்வளவு தெளிவான குடும்ப வரலாறு எங்களுக்கு அபூர்வமாகத்தான் கிடைக்கும். யார் தொகுத்தது?" என்றார். என்னை வேண்டாம் என்றவர்கள் என்றேன். முகத்தை மாற்றாமல்தான் சொன்னேன். முதன்முறையாக அவர் சிரித்தார்.

எனக்குக் கருவி வைத்தார்கள். மகளை ஓர்ஹூஸிலேயே சோதித்தார்கள். நான் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றாள். முடிவு வந்த அன்று இரண்டு வரி அனுப்பினாள்: இதயம் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது, எங்கள் குடும்பத்து மரபணுக் கோளாறு அவளிடமும் இருக்கிறது, ஒழுங்காக வந்து காட்ட வேண்டும், போட்டிகள் வேண்டாம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். இரண்டு மாதம் சப்பாத்துப் படம் வரவில்லை. களஞ்சியத்தில் ஸ்கொட்லாந்துக்காரன் தன் மீனில் பாதியை என் பக்கம் தள்ளி வைத்தான். எனக்கு அந்த மீன் பிடிக்காது. சாப்பிட்டேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை, அத்தையின் படம் இருந்தால் அனுப்புங்கள் என்று ஒரு செய்தி வந்தது. அனுப்பினேன். அரை மணித்தியாலம் கழித்து, 'இவர் உண்மையாகவே முதலாவதாக வந்தாரா?' என்று டேனிஷில் கேட்டிருந்தாள். ஓம் என்று எழுதினேன். பெருவிரல் அனுப்பவில்லை.

அடுத்த கிழமை ஃபிரெடெரிசியாவிலிருந்து அழைப்பு. தங்கைதான்.

"மகளின்ரை விசயம் என்ன மாதிரி? அண்ணை கேக்கச் சொன்னவர்."

சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். கவனமாகப் பார்க்கச் சொன்னார், முதியோர் இல்லத்தில் இப்படி ஒருவர் கருவியோடு தொண்ணூறு தாண்டி இருக்கிறார் என்றார். நான் நன்றி சொன்னேன். நன்றியோடு நிறுத்தியிருக்கலாம். என் இதயத்தைப் பற்றி அன்றைக்கே அவர்களுக்குத் தெரிந்திருந்தது எவ்வளவு விசித்திரம், அந்த ஒரு கடிதம் இரண்டு பேருடைய வாழ்க்கையை எப்படித் திருப்பிவிட்டது என்று ஆரம்பித்து, கொஞ்சம் நீளமாகவே சொன்னேன்.

அவர் பொறுமையாக இருந்தார். நான் மூச்சு வாங்கிய இடத்தில் சொன்னார்:

"அந்தக் கடிதம் பிந்தித்தான் வந்தது. நீங்கள் வந்திட்டுப் போன அண்டைக்கே நான் அம்மாட்டை மாட்டன் எண்டிட்டன். ரெண்டரை மணித்தியாலம் கதைச்சனீங்கள். தேத்தண்ணி வேணுமோ எண்டு கேக்கக்கூட எனக்கு இடம் விடேல்லை."